ஆவி அக்காவின் மீதிகள்

அந்தப் பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே, சன்னல் இல்லாத நீளமான ஓர் அறை உண்டு. அறுவைக் கூடத்தில் வேலை முடிந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவற்றைக் கழுவித் துடைத்து, டிரேயில் அடுக்கி, துணியில் மடித்துக் கட்டி, ஆள் உயர ஆட்டோகிளேவுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுவார்கள். உள்ளே அழுத்தமான நீராவி புகுந்து கிருமிகளை ஒன்றுவிடாமல் கொன்றுபோடும். அந்த அறைக்குப் பொறுப்பாளராக இருந்த அம்மாள், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வேறு எந்தப் பிரிவுக்கும் போனதில்லை. போகச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

பயந்த சுபாவம் அவருக்கு. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்துவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போவார். அடுப்பை அணைத்த கையாலேயே அணைத்தோமா என்று தடவிப் பார்ப்பார். வெளியே இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். அந்த அறையில் யாரும் சிரிக்கமாட்டார்கள், ஏனென்றால் அங்கே பயம்தான் பாதி வேலை. கட்டின் மேல் ஒட்டிய டேப்பில் கோடு கறுத்திருக்கிறதா, சோதனைக் குப்பியில் கிருமி செத்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் மேலே அனுப்பவேண்டும். ஒரு குப்பி தப்பாக வந்தால், கடைசியாகச் சரியாக வந்த சோதனைக்குப் பிறகு போன கட்டுகள் அத்தனையையும் திரும்ப வாங்கிவிடவேண்டும். எது நல்லது எது கெட்டது என்று பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது. அதுதான் அங்கே சட்டம்.

அவருடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் தனியாக ஒரு பிரேக் வைத்த காரில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது தொலைக்காட்சியில் ஒரு லாரி வேகமாக வந்தால்கூட அவருடைய வலது கால் தரையை அழுத்தும். பொருத்தம் பார்த்து முடித்த கல்யாணம் என்று உறவுக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

ஒரே மகன். படித்து முடித்து வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனபோது, விளையாடுவதற்காக ஆசை ஆசையாக வாங்கிய பெரிய கணினியை விட்டுவிட்டுப் போனான். பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, விருந்தாளி மாதிரி அது அவன் அறையில் சும்மா இருந்தது. சும்மா இருக்கும் எதையும் பார்த்தால் அம்மாளுக்கு ஆகாது. பல் மருத்துவரின் வரவேற்பறையில் காத்திருந்த ஒரு நாள், பழைய வார இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை படித்தார். சும்மா கிடக்கும் வீட்டுக் கணினிகளை வைத்துக்கொண்டு, இதுவரை யாரும் பார்த்திராத பெரிய பகா எண்களைத் தேடுகிற சாதாரண ஆட்களைப் பற்றிய கட்டுரை அது. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்தான் பகா எண் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. அதற்கு மேல் அவற்றோடு அவருக்குச் சகவாசம் இருந்ததில்லை. அன்று பல் வலியோடு வீட்டுக்கு வந்தவர், மகனுக்குப் போன் போட்டு, அந்தக் கணினியை எப்படி எழுப்புவது என்று கேட்டார்.

அவர் போய்ச் சேர்ந்த குழு சின்னது. ஏழெட்டுப் பேர்தான், யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. அவர்கள் தேடியது ஒரே ஓர் அமைப்பில் உள்ள எண்களை. ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டியது. அதை இரண்டால் பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்கி, லட்சக்கணக்கான முறை இப்படியே பெருக்கிக்கொண்டுபோய்க் கடைசியில் ஒன்றைக் கூட்ட வேண்டியது. கிடைக்கும் எண்ணை எழுதினால் இரண்டு லட்சம் இலக்கம் வரும், ஒரு புத்தகம் கொள்ளும். சின்னச் சின்ன எண்களால் வகுபடுகிறவற்றை முதலில் சலித்துத் தள்ளிவிடுவார்கள். மிஞ்சியவற்றை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டு ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். பங்கு போட்டுக் கொடுப்பவன் 'மரங்கொத்தி' என்ற பெயரில் எழுதும் ஓர் இளைஞன். அம்மாள் தன் வேலையை நினைத்து 'ஆவி' என்று பெயர் வைத்துக்கொண்டார். நீராவி என்று அவர் நினைத்தார்; குழுவில் எல்லோரும் பேய் என்று நினைத்தார்கள். விளக்கம் சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிட்டார். ஆவி அக்கா என்றே நிலைத்துவிட்டது.

சோதனையைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஒரு சின்ன எண்ணைத் தன்னாலேயே பெருக்கும். அந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்த மீதியை மறுபடி தன்னாலேயே பெருக்கும். லட்சக்கணக்கான தடவை இதே வேலை. கடைசியில் நிற்கும் மீதி ஒரு குறிப்பிட்ட எண்ணாக இருந்தால் பகா எண் கிடைத்துவிட்டது. வேறு எதுவாக இருந்தாலும் இல்லை. இல்லை என்று வந்தால் அந்த மீதியின் வால் பகுதியைக் குறித்து மரங்கொத்திக்கு அனுப்பவேண்டும். ஆயிரக்கணக்கில் சோதித்தால் ஒன்று தேறலாம். அம்மாளுக்கு ஒன்றும் தேறவில்லை. அதில் அவருக்கு வருத்தமில்லை. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் மகன் அறைக்குள் போய், அன்றைக்கு எத்தனை "இல்லை" வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவார். அறையில் விசிறி ஓடும் சத்தம் கேட்கும். ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.

அம்மா இப்படி ஒன்றில் இறங்கியிருக்கிறார் என்பதில் மகனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊருக்கு வந்த நண்பன் ஒருவனிடம் சின்ன அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு நினைவகச் சில்லு. அதையும் சேர்த்துப் போட்டால் கணினி வேகமாக ஓடும் என்று சொன்னான். வீடியோ அழைப்பில் அவன் வழிகாட்ட, அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் செருகினார். க்ளிக் என்று உட்கார்ந்தது. உண்மையிலேயே வேகமாக ஓடியது.

மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டிய நேரத்தில் மரங்கொத்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. சாப்பாட்டு இடைவேளையில், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படித்தார். "அக்கா, சும்மா ஒரு சந்தேகம். நீங்க முடிச்ச எண் ஒன்ன என் மெஷின்லயும் ஓட்டிப் பார்த்தேன். உங்க மீதியும் என் மீதியும் ஒத்துப்போகல. எது தப்புன்னு தெரியல."

அம்மாள் டப்பாவை மூடினார். இன்னொரு எண்ணையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் பதில் எழுதினார். மறுநாள் அதற்கும் விடை வந்தது. அதுவும் ஒத்துப்போகவில்லை. அவருடைய பங்கிலிருந்து மூன்றாவதாக ஓர் எண்ணை, காரணம் சொல்லாமல், குழுவில் வேறொருவரிடம் கொடுத்து ஓட்டச் சொன்னான் மரங்கொத்தி. அவருடைய மீதியும் அம்மாளுடையதோடு சேரவில்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. தப்பு அம்மாளின் கணினியில்தான்.

இந்தச் சோதனையில் ஒரு சங்கடம் இருக்கிறது. கணினி எங்கோ ஓரிடத்தில் கணக்கைத் தவறவிட்டால், அது பொய்யாகப் "பகா எண்" என்று சொல்வது நடக்காத காரியம். தப்பான மீதி ஏதோ ஒரு குப்பையாகத்தான் போய் நிற்கும். எப்படியும் "இல்லை" என்றே வரும். சோதித்த எண் நிஜமாகவே இல்லைதான் என்றால் கெட்டது ஒன்றுமில்லை. ஆனால் நிஜமான பகா எண் எதிரே வந்து நின்றாலும், கெட்டுப்போன கணினி அதை "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடும். அனுப்பியதற்கு அடையாளமே இருக்காது. இன்னொருவர் மெனக்கெட்டு மறுபடி ஓட்டினால்தான் தெரியும். குழுவோ பங்கு போட்டுக்கொண்ட அந்த எண் வரிசை முழுவதையும் முடித்துவிட்டதாக அறிவித்து அடுத்ததுக்குப் போகத் தயாராக இருந்தது.

"பெரும்பாலும் ஒன்னும் இருக்காதுக்கா," என்று மரங்கொத்தி தொலைபேசியில் சொன்னான். அவன் குரலை அவர் கேட்பது அதுவே முதல் தடவை. நினைத்ததைவிடச் சின்னப்பையன் குரல். "நான் யார்கிட்டயும் சொல்லல. உங்க கடைசி ஒரு வாரத்து எண்கள மட்டும் நானே ஓட்டிடறேன். அப்படியே விட்டுரலாம்."

"எப்பலேர்ந்து கெட்டுப்போச்சுன்னு தெரியாம எப்படி தம்பி ஒரு வாரம்னு சொல்றது?" என்று கேட்டார் அம்மாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, இதனால் யாராவது சாகப்போகிறார்களா என்று கேட்டார். இல்லை. யாருக்காவது கை கால் போகுமா? போகாது. அப்புறம் என்ன என்று அவர் கையை விரித்தார். அறுவைக் கூடத்துக்குப் போகும் கத்தி என்றால் அம்மாள் விடை சொல்லியிருப்பார். இது இரண்டு லட்சம் இலக்கமுள்ள ஓர் எண். யார் வீட்டிலும் அதை எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

முதலில் தூசியாக இருக்கும் என்று நினைத்தார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஓவியத் தூரிகையால் துடைத்தார். பிறகு வெயில்தான் காரணம் என்று நினைத்து மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்தார். கணவர் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து பேப்பர் படித்தார். தூசியாகவோ வெயிலாகவோ இருக்கட்டும் என்று அம்மாள் வேண்டிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. மூன்றாவதாக ஒன்று அவர் மனதில் வந்து நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தப்பு எப்போது ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க, கணவரின் பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் இருந்த கணினியைச் சாயங்காலங்களில் கேட்டு வாங்கிக்கொண்டார். தன் பழைய எண்களில் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து ஓட்டினார். மீதி ஒத்துப்போனது. அப்படியானால் அதுவரைக்கும் கணினி நன்றாக இருந்திருக்கிறது. அதற்கும் கடைசிக்கும் நடுவிலிருந்து ஒன்று. ஒத்துப்போகவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே இன்னொன்று. இப்படியே இடைவெளியை நெருக்கிக்கொண்டே வந்தார். பயிற்சிப் பள்ளியின் மேசைமேல் போக்குவரத்துக் குறிகள் அச்சடித்த அட்டை விரித்திருக்கும். வெளியே கணவர் யாரையோ பின்பக்கமாக ஓட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார். ஒவ்வொரு விடையும் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காத்திருக்கும் நேரத்தில் சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் நெருக்க இடமில்லாமல் போயிற்று. நல்ல மீதிகள் நின்று கெட்ட மீதிகள் தொடங்கிய இடம், மகன் அனுப்பிய சில்லைச் செருகிய வாரம்.

அன்று இரவே மகனிடமிருந்து வழக்கம்போல அழைப்பு வந்தது. சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்றெல்லாம் பேசிவிட்டு அவன் கேட்டான்: "நான் குடுத்தனுப்பினது நல்லா வேலை செய்யுதாம்மா?"

"நல்லா செய்யுதுப்பா. வேகமா ஓடுது," என்றார் அம்மாள்.

அது பொய்யும் இல்லை. வேகமாகத்தான் தப்பு செய்தது.

மறுநாள் சில்லைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி, பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தார். அதை எடுத்ததும் கணினி பழையபடி மெதுவாக, சரியாக ஓடியது. மரங்கொத்தியின் மீதியோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. பிறகு குழுவுக்கு எழுத உட்கார்ந்தார். மரங்கொத்தி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப்பார்த்தான். தன் அறையில் சோதனைக் குப்பி தப்பாக வந்தால் என்ன செய்வார்களோ அதைத்தான் தானும் செய்யப்போவதாக அம்மாள் அவனுக்குச் சொன்னார். இன்ன தேதியிலிருந்து தான் அனுப்பிய எல்லா முடிவுகளையும் செல்லாதவையாக வைத்துக்கொள்ளவேண்டும், கணினியின் ஒரு பாகம் பழுது, எல்லாவற்றையும் தானே மறுபடி ஓட்டித் தருகிறேன், வரிசை முடிந்ததாக அறிவிக்கவேண்டாம் என்று எழுதினார். பாகம் எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, எழுந்து போய்ச் சமையலறையில் நின்றுகொண்டார்.

முதலில் வந்த பதில் குழுவில் வயதில் மூத்தவருடையது. குழுவில் தன் முகப்படத்துக்குப் பதிலாக ஒரு குடையை வைத்திருப்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் குடைக்காரர். கப்பலில் ரேடியோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று மட்டும் தெரியும். வாய் கொஞ்சம் நீளம். "ஆவிய நம்பிக் கணக்கு ஒப்படைச்சா இப்படித்தான்," என்று எழுதியிருந்தார். ஓரிருவர் சிரிப்புக் குறி போட்டார்கள். வேடிக்கைக்குத்தான் எழுதினார் என்று மரங்கொத்தி தனியாகச் சமாதானம் சொன்னான். வேடிக்கைதான். ஆனால் அம்மாளுக்கு அந்த வரி நாள் முழுக்கக் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் விஷயம் மோசமாயிற்று. மாதக்கணக்கில் ஒரு தப்பு தன் வீட்டிலேயே, தன் கண் எதிரிலேயே, விசிறியைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போகிற தான் எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. வேலையில் டேப்பின் கறுப்புக் கோட்டைப் பார்ப்பார், கறுத்திருக்கும். நிஜமாகவே கறுப்புதானா என்று விளக்கின் கீழே கொண்டுபோவார். பக்கத்தில் நிற்பவளைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொல்வார். ஒரு நாள், எல்லாம் சரியாக முடிந்து வந்த கட்டுகள்மேல் நம்பிக்கை வராமல், முழுவதையும் பிரித்து மறுபடி கட்டி உள்ளே தள்ளச் சொன்னார். மேலே அறுவைக் கூடத்தில் எலும்பு அறுவைக்கு டிரே வரவில்லை என்று காத்திருந்தார்கள். தலைமைச் செவிலியர் தானே இறங்கி வந்தார். நல்ல மனுஷி, அம்மாளோடு பல வருஷப் பழக்கம். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. திட்டாமல், தோளில் கைவைத்து, "என்னாச்சுக்கா? கண்ணு சரியாத் தெரியலையா?" என்று கேட்டார்.

கண் மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்கள். அவர் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் படிக்கவைத்துவிட்டு, இந்த வயசுக்கு இவ்வளவு நல்ல கண்ணைப் பார்த்து நாளாயிற்று என்றார். அம்மாளுக்கு அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. கண் பழுது என்றால் கண்ணாடி போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

கணவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மாள் கேட்காமலேயே, பயிற்சிப் பள்ளியின் கணினியைக் காரின் பின்சீட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். பள்ளி முதலாளியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. "ரெண்டு மெஷினா ஓட்டு. சீக்கிரம் முடியட்டும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, போகிற போக்கில் சொல்கிறவர் மாதிரி, "நான் கத்துக்குடுத்தவங்கள்ல எத்தனையோ பேரு இப்ப ரோட்டுல ஓட்டிக்கிட்டிருக்காங்க. அதுல எவன் எங்க போய் முட்டுவானோன்னு எனக்கும் தெரியாது. அதுக்காக லைசென்ஸ எல்லாம் திருப்பி வாங்க முடியுமா," என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, தன் கவலையைச் சொன்னாரா என்று அம்மாளுக்குப் புரியவில்லை. அவர்கள் இருவரும் பயத்தைப் பற்றி நேருக்கு நேர் பேசிக்கொண்டது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இரண்டு கணினிகள் ஓடியும் வேலை மலை மாதிரி இருந்தது. மரங்கொத்தி பாதியை எடுத்துக்கொண்டான். குழுவில் இன்னும் இரண்டு பேர் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள். ஒரு நாள் குடைக்காரரும் கேட்டார். கேலி எதுவும் இல்லாமல், "எனக்கும் கொஞ்சம் தள்ளுங்க. இங்க சும்மாதான் இருக்கு," என்று ஒரே வரி. எதைக் கொடுப்பது என்று அம்மாள் யோசித்து, தான் இன்னும் மறுபடி ஓட்டாத நடுப்பகுதியிலிருந்து ஒரு கற்றை எண்களைக் கொடுத்தார். முடிவுகள் வர வர, பழைய மீதிகளும் புதிய மீதிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சில இடங்களில் ஒத்துப்போயின. அந்தச் சில்லு ஒவ்வொரு தடவையும் தப்பு செய்யவில்லை போலும். பல இடங்களில் சம்பந்தமே இல்லை. ஆனால் எல்லாம் "இல்லை", "இல்லை", "இல்லை" என்றே வந்தன. ஒவ்வொரு "இல்லை" வரும்போதும் அம்மாளுக்கு உயிர் வந்தது. ஆசைப்பட்டுத் தேடியவர்தான், இப்போது எதுவும் இருந்துவிடக்கூடாதே என்று தவித்துக்கொண்டிருந்தார்.

கற்றைகள் கரைந்து, கடைசிக்கு நெருங்கிக்கொண்டிருந்தன. ஒரு மத்தியானம் அம்மாள் உடைமாற்றும் அறையில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது குடைக்காரரின் செய்தி வந்தது. குழுவில் போடாமல் அவருக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தார். "அம்மா, ஒன்னு மாட்டியிருக்கு. நான் ரெண்டாவது தடவையும் ஓட்டிட்டேன். பகா எண்தான். நீங்க குடுத்த கற்றையிலேர்ந்து."

அம்மாள் அங்கிருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அலமாரிக் கதவு ஒன்று திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது. சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்து ஒரு நிமிஷம் காத்திருந்தார். வந்தது குளிர்தான். அந்த எண் தன் வீட்டுக்கு வந்திருக்கிறது. மகன் அறையில், தன் கணினிக்குள், ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறது. தான் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, அன்றைய "இல்லை"களோடு சேர்த்து அதையும் பார்த்துவிட்டு முகம் கழுவப் போயிருக்கிறோம். மரங்கொத்தி சொன்னபடி கடைசி ஒரு வாரத்தோடு விட்டிருந்தால், அது நடுப்பகுதியில் அப்படியே கிடந்திருக்கும். வரிசை முடிந்தது என்று எழுதிவிட்டு எல்லோரும் போயிருப்பார்கள். நல்லவேளை என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பிறகு வேறு வேறு கணினிகளில், வேறு வேறு நிரல்களில் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே விடையைச் சொல்லின. கண்டுபிடித்தவரின் பெயரோடு அதைப் பொதுவில் பதிய வேண்டும். யாருடைய கணினி சரியாகச் சொன்னதோ அவர் பெயர்தான் வரும். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். குடைக்காரர் அம்மாளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கரகரத்த குரல், நடுவில் இருமல்.

"உங்க பேரையும் சேர்த்துப் போடச் சொல்லப்போறேன்," என்றார்.

"வேண்டாம் சார். நான் அத இல்லன்னு சொன்னவ."

"அது தப்பா இருக்கலாம்னு நீங்கதானே வந்து சொன்னீங்க. நானா இருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல. அன்னிக்கு நான் எழுதினது..."

"அது பரவால்ல சார்," என்று அம்மாள் குறுக்கிட்டார். கொஞ்ச நேரம் அவருடைய இருமலைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கஷாயம் ஏதாவது குடிக்கச் சொல்லிப் போனை வைத்தார். பதிவில் குடைக்காரர் பெயர் மட்டும்தான் வந்தது. அப்படித்தான் வரவேண்டும் என்று அம்மாள் மரங்கொத்தியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைப் பார்த்தபோது மனதில் ஒரு முள் குத்தத்தான் செய்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இவ்வளவு வருஷத் தேடலில் கிடைத்த ஒன்று, அதுவும் தன் கையைத் தாண்டிப் போய்க் கிடைத்தது. இரண்டு நாள் மகன் அறைப்பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போய், மரங்கொத்திக்கு எழுதினார். இனிமேல் தனக்குப் புதிய எண்கள் வேண்டாம், மற்றவர்கள் முடித்தவற்றை மறுபடி ஓட்டிச் சரிபார்க்கும் வேலையைக் கொடுக்கட்டும் என்றார். குழுவில் யாரும் விரும்பாத வேலை அது. அதில் புதிதாக எதுவும் கிடைக்க வாய்ப்பே இல்லை என்றே சொல்லலாம். மரங்கொத்திக்கு வாயெல்லாம் பல். இதற்கு ஆள் கிடைக்காமல்தான் அவனே உட்கார்ந்து அவ்வப்போது ஒன்றிரண்டை ஓட்டிக்கொண்டிருந்தானாம்.

டேப்பின் கோட்டை இரண்டு தடவைக்கு மேல் பார்ப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. முற்றிலும் போகவில்லை. தலைமைச் செவிலியர் இப்போதும் இறங்கி வந்தால் முதலில் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் டிரேயைக் கேட்பார்.

மகன் விடுமுறைக்கு வந்தான். வந்த மறுநாளே, பாசத்தோடு தன் பழைய கணினியின் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான். ஓர் இடம் காலியாக இருந்தது. அம்மாள் அறை வாசற்படியில் துவைத்த துணிகளோடு நின்றுகொண்டிருந்தார். கேட்கப்போகிறான் என்று தெரிந்தது. பொய் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். கணினி சூடாகிறது, அதனால் எடுத்துவைத்தேன் என்று. வாய் வரைக்கும் வந்தது. அவன் திரும்பிப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மரங்கொத்தியின் செய்தி, பயிற்சிப் பள்ளிக் கணினி, குடைக்காரர், நடுப்பகுதி, எல்லாம்.

அவன் தகட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். பிறகு, "அது என்னோட இன்னொரு மெஷின்ல இருந்ததும்மா," என்றான். "அங்கயும் அப்பப்ப நின்னு நின்னு போகும். மெஷின்தான் பழசுன்னு நெனச்சு மெஷினத் தூக்கிப் போட்டுட்டேன். இத மட்டும் நல்லா இருக்குன்னு எடுத்து உங்களுக்கு அனுப்பினேன்."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை, துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சிரித்தார். நல்ல கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கெட்டுப்போனதை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறான் பிள்ளை. அவன் முகம் சுருங்கிப்போயிற்று. ஏன் இத்தனை மாதம் சொல்லவில்லை என்று கேட்டான். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்றார் அம்மாள். அவன் தரையில் உட்கார்ந்தபடியே, பீரோவிலிருந்து எடுத்துக்கொடுத்த சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூடத்திலிருந்து கணவர், என்ன சிரிப்பு, எனக்கும் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார்.

அந்த எண்ணைப் பார்க்கவேண்டும் என்று மகன் கேட்டான். அம்மாள் திரையில் திறந்துகாட்டினார். இலக்கங்கள் வரிவரியாக, இடைவெளியே இல்லாமல் இறங்கிக்கொண்டே போயின. கணவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். மூவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பார்க்க ஒன்றுமில்லை, எண்கள்தான். கணவர், இது கடைசியில் எங்கேதான் போய் முடிகிறது என்று கேட்டார். மகன் கீழே இறக்கிக்கொண்டே போனான்.